மேசைப் பகடையிலிருந்து சர்வருக்கு: டேபிள்டாப் ஆர்பிஜி விதிகளை ஆன்லைன் ஆட்டத்துக்கு மாற்றி எழுதுவது எப்படி?

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் ஆட்டம். அதன் விதிப்புத்தகம், மேசையின் தலைமாட்டில் கதையை நடத்தி நடுவராகவும் இருக்கும் கேம் மாஸ்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. வில்லாளியிடம் மிச்சமிருக்கும் அம்புகளை அவர் எண்ணுவதில்லை. பூட்டைத் திறக்க மூன்றாம் முறையும் தவறியவரிடம் "சரி, அரை மணி நேரம் போராடித் திறந்துவிட்டீர்கள்" என்று சொல்லிக் கதையை நகர்த்திவிடுவார். புத்தகத்தில் விடை இல்லாத கேள்விக்கு அந்த நொடியிலேயே ஒரு தீர்ப்பு வழங்குவார். பொருந்தாத விதியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். இந்த வேலைகளில் பெரும்பகுதி எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. எனவே புத்தகத்தின் சூத்திரங்களை மட்டும் வரிக்கு வரி கோடாக மாற்றினால், அந்த மனிதர் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் ஆட்டத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. விதிகளை மாற்றி எழுதுவது என்பது, அவர் சத்தமின்றிச் செய்த தீர்மானங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் சர்வருக்குப் புரியும் ஒரு விதியை எழுதுவதாகும்.

இதற்கு ஒவ்வொரு விதியிடமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதைத் தீர்மானிப்பவர் யார்? ஒரு மணி நேர ஆட்டத்தில் இது எத்தனை முறை நிகழும்? இது நடந்து முடியும்வரை காத்திருப்பவர் யார்? கீழே வரும் மாற்றங்கள் அனைத்தும் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கான விடைகளே.

எந்த வகை ஆட்டம்?

மேசை ஆட்டத்தை அப்படியே இணையத்தில் ஆட ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற மெய்நிகர் மேசைகள் இருக்கின்றன. அங்கே கேம் மாஸ்டர் மனிதராகவே இருப்பதால், பகடையும் வரைபடமும் பாத்திரத் தாளும் கிடைத்தால் போதும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது. மென்பொருளே நடுவராக நிற்கும் ஆட்டத்தை உருவாக்குபவர்களுக்குத்தான் சிக்கல் தொடங்குகிறது.

சிக்கல் பழையது. புகழ்பெற்ற டேபிள்டாப் ஆர்பிஜியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மட் எனப்படும் பலர் ஆடும் எழுத்து உலகம் உருவாகிவிட்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிக்குமட், மேசை ஆட்டத்தின் லெவல், வகுப்பு (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை), உயிர்ப்புள்ளி ஆகியவற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் உள்ளிட்ட பெரிய ஆன்லைன் உலகங்களில் அதன் சாயலை இன்றும் பார்க்கலாம். ஆக, நமக்கு முன்னால் பலர் நடந்த பாதை இது. அவர்கள் எங்கெங்கே வளைந்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது.

ஒரு முனையில், 2023-இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3, நான்கு பேர் வரை சேர்ந்து முறை வைத்து ஆடும் ஆட்டம். அதனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளின் பெரும்பகுதியை அது நேரடியாகவே பின்பற்ற முடிந்தது. மறுமுனையில், 2006-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன், நிகழ்நேரத்தில் பலர் ஆடும் நிரந்தர உலகம். பகடை எண்ணைத் திரையில் உருட்டிக் காட்டிக்கொண்டே, பின்னணியில் பல விதிகளை அது மாற்ற வேண்டியிருந்தது. இடையில் 2002-இன் நெவர்விண்டர் நைட்ஸ், ஆறு விநாடிச் சுற்றுகளை நிகழ்நேரத்தில் ஓடவிட்டதோடு, மனிதக் கேம் மாஸ்டர் உள்ளே நுழைந்து ஆட்டத்தை நடத்துவதற்கென்றே தனி மென்பொருளையும் கொடுத்தது. உங்கள் ஆட்டம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்யாவிட்டால், முறை வைத்து ஆடுவதற்கான விதிகளும் நிகழ்நேரத்துக்கான விதிகளும் கலந்து, இரண்டிலும் சேராத ஒன்று உருவாகும். என்னைக் கேட்டால், முதல் முயற்சிக்கு நான்கைந்து பேர் முறை வைத்து ஆடும் சிறிய ஆட்டமே ஏற்றது.

கேம் மாஸ்டரின் தீர்மானங்களைப் பட்டியலிடுதல்

நீங்கள் மாற்றப்போகும் விதித்தொகுப்பில் ஓர் அமர்வை மேசையில் ஆடி, அதை ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு பதிவைக் கேட்டபடி, கேம் மாஸ்டர் புத்தகத்தைத் திறக்காமல் முடிவெடுத்த ஒவ்வொரு இடத்தையும் குறித்துவையுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் விதிப்புத்தகத்தை மீண்டும் மீண்டும் படிப்பதைக் காட்டிலும் இது அதிகம் சொல்லித் தரும்.

ஒளிந்துகொள்ளுதல் என்ற ஒரே விதியை எடுத்துக்கொள்வோம். ஒளிவதற்குச் சூழல் ஏற்றதா என்பதைக் கேம் மாஸ்டர் தீர்மானிப்பார் என்று ஐந்தாம் பதிப்பின் விதி சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை சர்வருக்காக உடைத்தால் எத்தனை கேள்விகள் எழுகின்றன என்று பாருங்கள். எதிரிக்கும் ஒளிபவருக்கும் இடையே நேர்ப்பார்வை இருக்கிறதா? இருட்டுக்கு எத்தனை நிலைகள்? எதிரி எந்தத் திசையைப் பார்க்கிறான் என்பது கணக்கில் வருமா? கூட்டாளி ஒருவர் சத்தம் போட்டால் ஒளிந்திருப்பவருக்குப் பாதிப்பு உண்டா? ஒளிந்தபின் கதவைத் திறந்தால் வெளிப்பட்டுவிடுவாரா? இவற்றில் எதற்கு விடை இல்லாவிட்டாலும் ஏதேனும் ஓர் ஆட்டக்காரர் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைவார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, சோதனை எத்தனை முறை நடக்கும் என்பது. மேசையில் ஒளிபவர் ஒரு முறை பகடை உருட்டுவார். அந்த எண் காட்சி முடியும்வரை செல்லும். சர்வரோ விநாடிக்குப் பலமுறை உலகத்தைக் கணக்கிடுகிறது. 80 சதவீத வெற்றி வாய்ப்புள்ள ஒளிதலை விநாடிக்கு ஒரு முறை புதிதாக உருட்டிப் பார்த்தால், 10 விநாடிகளுக்குப் பிறகும் அவர் மறைந்திருக்கும் வாய்ப்பு 11 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். விதியும் அதே, எண்ணும் அதே; எண்ணிக்கை மட்டும் மாறியதால் திருட்டு வகுப்புப் பாத்திரம் செல்லாக்காசாகிவிடுகிறது. ஆகவே ஒளியும்போது ஒரே ஒரு முறை உருட்டி அந்த எண்ணைச் சேமித்துவையுங்கள். புதிய எதிரி பார்வை எல்லைக்குள் வரும்போதோ, ஒளிபவர் வெளிப்படையான ஒரு செயலைச் செய்யும்போதோ மட்டும் அதை ஒப்பிடுங்கள்.

பட்டியல் தயாரானதும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுங்கள்: சர்வர் கணக்கிடும், ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே தேர்ந்துவைப்பார்கள், காட்சியை வடிவமைப்பவர் எழுதிவைப்பார், நீக்கப்படும். கடைசி வகையில் எழுதத் தயங்காதீர்கள். அம்பு எண்ணுதல், சுமை எடை போன்றவற்றை மேசையிலேயே பலர் பின்பற்றுவதில்லை.

பகடை

பகடையை எப்போதும் சர்வர்தான் உருட்ட வேண்டும். ஆட்டக்காரரின் கணினி உருட்டி "20 விழுந்தது" என்று தகவல் அனுப்பும் அமைப்பு, அந்தத் தகவலை மாற்றி அனுப்பத் தெரிந்த முதல் ஆளிடமே தோற்றுவிடும். கிளையன்ட், அதாவது ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் நிரல், அனுப்ப வேண்டியது "இந்த எதிரியைத் தாக்குகிறேன்" என்ற எண்ணத்தை மட்டுமே. தாக்கத் தகுதி உண்டா, தூரம் சரியா, அது அவருடைய முறைதானா என்று சரிபார்த்து, உருட்டி, விளைவை அறிவிப்பது சர்வரின் வேலை.

உருட்டுவதிலும் இரண்டு பழைய கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது, சமச்சீர் கெடுவது. 0 முதல் 255 வரையுள்ள ஒரு பைட் சீரற்ற எண்ணை 20-ஆல் வகுத்து மீதியுடன் ஒன்றைக் கூட்டினால் இருபது முகப் பகடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் 256-ஐ 20 மீதியின்றி வகுப்பதில்லை, 16 மிஞ்சுகிறது. எனவே 1 முதல் 16 வரையுள்ள முகங்கள் 256-இல் 13 முறையும், 17 முதல் 20 வரையுள்ளவை 12 முறையும் விழும். 5 சதவீதம் வர வேண்டிய 20 என்ற எண் 4.69 சதவீதமே வருகிறது. ஒரு லட்சம் உருட்டல்களில் ஏறக்குறைய 310 முக்கியத் தாக்குதல்கள் (20 விழும்போது கிடைப்பவை) காணாமல் போகின்றன. 240-உம் அதற்கு மேலும் வரும் எண்களைத் தூக்கியெறிந்துவிட்டு மீண்டும் எடுப்பதே தீர்வு. 32 பிட் எண்ணைப் பயன்படுத்தினால் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும் என்றாலும், நூலகத்தில் இதற்கென இருக்கும் சார்பைப் பயன்படுத்துவது நல்லது.

இரண்டாவது, அடுத்த எண்ணை ஊகிக்க முடிவது. பகடையின் தொடக்க விதையாக, அதாவது சீரற்ற எண் வரிசை பிறக்கும் முதல் எண்ணாக, கடிகார நேரத்தை எடுத்தால், ஒரு நாளில் இருப்பவை 8,64,00,000 மில்லிவிநாடிகள் மட்டுமே. ஆட்டம் தொடங்கிய நேரத்தை ஓரளவு அறிந்தவருக்குச் சோதித்துப் பார்க்க மிஞ்சுபவை சில ஆயிரங்கள்தாம். சீரற்ற எண்களை உருவாக்கப் பரவலாகப் பயன்படும் மெர்சென் ட்விஸ்டர் முறையில், தொடர்ந்து வரும் 624 எண்களை முழுமையாகப் பார்த்தவரால் அடுத்து வருவதைக் கணித்துவிட முடியும். பொருள்களைப் பணத்துக்கு விற்க முடிகிற ஆட்டம் என்றால், இயங்குதளம் வழங்கும் மறையியல் தரமான சீரற்ற எண்ணையே பயன்படுத்துங்கள். நண்பர்கள் ஆடும் சிறிய ஆட்டத்துக்கு இவ்வளவு எச்சரிக்கை தேவையில்லை.

இனி, நேர்மையான பகடை தரும் தொல்லை. ஒருவரின் தாக்குதல் 70 சதவீதம் பலிக்கும் என்றால், மூன்று முறை தொடர்ந்து தவறும் வாய்ப்பு 2.7 சதவீதம். ஐந்து பேர் ஆடும் மேசையில் அது எப்போதாவது நிகழ்ந்து, சிரித்துப் பேசிக் கடந்துபோகும் ஒன்று. 10,000 பேர் தலைக்கு மூன்று முறை தாக்கினால், அவர்களில் சுமார் 270 பேருக்கு அது நடந்திருக்கும். கையில் பகடையைத் தொட்டுப் பார்க்காத அவர்களில் பலர் ஆட்டம் தங்களை ஏமாற்றுவதாகவே நம்புவார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வார்கிராஃப்ட் 3, டோட்டா 2 ஆகியவற்றில் வரும் வழி, ஒவ்வொரு தோல்விக்கும் வாய்ப்பைச் சிறிது உயர்த்தி, வெற்றி கிடைத்ததும் பழைய நிலைக்குத் திரும்புவது. அதில் 25 சதவீதம் என்று குறிக்கப்பட்ட திறன் உண்மையில் 8.5 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு தோல்விக்கும் அதே அளவு கூடிக்கொண்டே போகிறது. நீண்ட காலச் சராசரி மாறுவதில்லை, நீண்ட தோல்வித் தொடர் மட்டும் அறுபடுகிறது. பால்டர்ஸ் கேட் 3 செய்தது வேறு: தோல்வித் தொடரைத் தவிர்க்கும் பகடையைத் தேர்வாக வைத்து, வேண்டாதவர் அணைத்துக்கொள்ள விட்டது. இரண்டில் எதைச் செய்தாலும் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் பதிவேட்டை ஆராய்ந்து கண்டுபிடிக்கும்வரை மறைத்துவைப்பது நல்லதில்லை.

பல பகடைகளைச் சேர்த்து உருட்டும் இடத்தில் சோம்பலுக்கு இடம்கொடுக்கக் கூடாது. நெருப்புக்கோள மந்திரம் ஆறு முகப் பகடைகள் எட்டின் கூட்டுத்தொகையளவு சேதம் தரும்: குறைந்தது 8, அதிகம் 48, சராசரி 28. இதை "8 முதல் 48 வரை ஏதேனும் ஓர் எண்" என்று எழுதினாலும் சராசரி அதே 28-தான். ஆனால் எட்டுப் பகடைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று முறை விடை 23-க்கும் 33-க்கும் இடையில் விழும். ஒற்றை எண்ணை எடுத்தால் நான்கில் ஒரு முறைதான் அப்படி விழும். நம்பிக்கையோடு எறியப்பட்ட மந்திரம் சூதாட்டமாக மாறிவிடுகிறது. எட்டு முறை உருட்டிக் கூட்டுவதற்கு சர்வருக்கு ஒரு செலவும் இல்லை.

எண்ணிக்கை பெருகும்போது உடைபவை

பகடையில் 1 விழுந்தால் வாள் கைநழுவும், வில் நாண் அறுந்துபோகும் என்ற வீட்டு விதியைப் பல மேசைகள் விரும்புகின்றன. ஓர் அமர்வில் அது ஓரிரு முறை நிகழ்ந்து காட்சிக்குச் சுவை கூட்டும். நிகழ்நேர ஆட்டத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு தாக்குதல் என்றால், சராசரியாக 40 விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொருவரின் கையிலிருந்தும் வாள் நழுவும். ஐந்து பேர் குழுவில் எட்டு விநாடிக்கு ஒரு முறை யாராவது குனிந்து எதையாவது பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். இந்த விதியை நீக்குங்கள், அல்லது தொடர்ந்து 1 விழுந்தால் மட்டும் செயல்படும்படி அரிதாக்குங்கள்.

இதன் பெரிய வடிவம் போனஸ் எண்களில் வருகிறது. டி20 எனப்படும் இருபது முகப் பகடைக்கு அகலம் இருபதே எண்கள். தாக்குபவரின் போனஸுக்கும் எதிரியின் ஆர்மர் கிளாஸுக்கும் (அடி பட, பகடை எண்ணும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய காப்பு எண்) உள்ள இடைவெளி அந்த இருபதைத் தாண்டிவிட்டால், உருட்டுவதே வீண். மேசையில் எந்த மாயப்பொருளைக் கொடுப்பது, எதை ஒளித்துவைப்பது என்று கேம் மாஸ்டர் கண்காணிப்பதால் இடைவெளி கட்டுக்குள் இருக்கும். நிரந்தர உலகில் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் பொருள் சேர்ப்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் ஆட்டத்தில் இதுவே நடந்தது: உயர்ந்த காப்பு உள்ளவர்மேல் 20 விழுந்தால் மட்டுமே அடி பட்டது, மற்றவர்மேல் ஏறக்குறைய எல்லா அடியும் பட்டது, நடுவில் நின்றவர்களின் கவசத்துக்கு மதிப்பே இல்லை; பின்னர் அந்தக் கணக்கை மாற்றி, காப்பு எண்ணைப் படிப்படியாகத் தேயும் விகிதமாக ஆக்கினார்கள். உங்கள் ஆட்டத்தில் எண்கள் வளர்ந்துகொண்டே போகும் என்றால் தொடக்கத்திலேயே விகிதக் கணக்கைப் பயன்படுத்தலாம். தாக்குதல் எண்ணை, தாக்குதல் எண்ணும் காப்பு எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பது அதன் மிக எளிய வடிவம்: 60-உம் 40-உம் மோதினால் 60 சதவீதம், 600-உம் 400-உம் மோதினாலும் அதே. டி20-இன் உணர்வை இழக்க மனமில்லை என்றால், ஐந்தாம் பதிப்பைப் போலப் போனஸ்களுக்கு இறுக்கமான உச்சவரம்பு வையுங்கள்.

முறைக்காகக் காத்திருத்தல்

மேசையில் உங்கள் முறை வராதபோதும் நீங்கள் ஆட்டத்தில்தான் இருக்கிறீர்கள். அடுத்தவரின் முகத்தைப் பார்க்கிறீர்கள், கிண்டல் செய்கிறீர்கள், திட்டமிடுகிறீர்கள். திரைக்கு முன்னால் அது வெறும் காத்திருப்பு. ஐந்து ஆட்டக்காரர்கள் தலைக்கு 40 விநாடி எடுத்துக்கொண்டு, எதிரிகளின் அசைவுகளுக்கு மொத்தம் 20 விநாடி ஆனால், ஒருவர் தம் அடுத்த முறைக்கு மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதற்குள் வேறு சாளரத்தைத் திறந்துவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் அவருடைய முறையும் தாமதமாகும்.

டைமர் வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அது தேவைதான்; ஆனால் டைமர் முடிந்ததும் என்ன நடக்கும் என்பதுதான் உண்மையான விதி. முறையைப் பறிப்பது கொடுமை. தற்காப்பு நிலைக்குச் செல்வதை இயல்பான செயலாக வைப்பது ஏற்கத்தக்கது. இணைப்பு அறுந்தவருக்கும் இதே விதியைப் பொருத்தி, இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு பாத்திரத்தைக் கூட்டாளி ஒருவரின் பொறுப்பில் விடலாம்.

டைமரைவிடப் பெரிய பலன் தருவது, ஒரே தரப்பினர் ஒன்றாக ஆடுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 அடிப்படைப் பதிப்பு, தரப்புக்கு ஓர் ஆறு முகப் பகடையை உருட்டி, வென்ற தரப்பு முழுவதையும் முதலில் ஆடவிட்டது. பழைய விதியாக இருந்தாலும் இணையத்துக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. பால்டர்ஸ் கேட் 3, யார் முதலில் ஆடுவது என்பதற்கான இனிஷியேட்டிவுக்கு டி20-க்குப் பதிலாக நான்கு முகப் பகடையை உருட்டுகிறது. எண்கள் நெருங்கி விழுவதால் கூட்டாளிகள் அடுத்தடுத்து வருவது கூடுகிறது, அப்படி வருபவர்கள் ஒரே நேரத்தில் செயல்படலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ரகசியமாக உத்தரவிட்டு, சர்வர் அவற்றை ஒன்றாக நிறைவேற்றும் முறையும் இருக்கிறது. அதில் காத்திருப்பு மிகக் குறைவு. ஆனால் நீங்கள் குறிவைத்த எதிரி உங்களுக்கு முன்பே செத்துவிட்டால் உங்கள் அம்பு எங்கே போகும் என்பதற்கு விதி எழுதவேண்டும். அருகிலுள்ள அடுத்த எதிரிக்கு மாறும் என்பதே பெரும்பாலானோர் எதிர்பார்க்கும் விடை.

அடுத்தவர் முறையில் குறுக்கிடும் எதிர்வினைகள் இதைவிடக் கடினம். ஐந்தாம் பதிப்பின் கேடய மந்திரம், அடி பட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு குறுக்கிட்டு ஆர்மர் கிளாஸில் ஐந்தைக் கூட்டும். எதிர்மந்திரம், அடுத்தவர் மந்திரம் சொல்லும்போதே அதை அறுக்கும். மேசையில் "பொறுங்கள்!" என்று ஒரு குரல் போதும். சர்வரோ ஒவ்வொரு அடிக்கும் நின்று, எதிர்வினை உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதில் வரும்வரை மற்ற எல்லோரையும் நிறுத்திவைக்க வேண்டும். இதை மூன்று தளங்களில் கையாளலாம். சாதாரண எதிர்வினைகளை, விலகி ஓடும் எதிரியை வெட்டுவது போன்றவற்றை, தானாகவே நடக்கவிடுங்கள். செலவுள்ளவற்றுக்கு ஆட்டக்காரர் முன்கூட்டியே நிபந்தனை வைக்கட்டும்: "உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே இருந்து, கேடயம் இந்த அடியைத் தடுக்கும் என்றால் மட்டும் பயன்படுத்து." ஆட்டத்தின் போக்கையே திருப்பும் ஓரிரண்டை மட்டும், ஐந்து விநாடி டைமரோடு கேள்வியாகக் கேளுங்கள், ஒருவருக்குமேல் தகுதியுள்ளபோது எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் ஒப்புபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுட்பம்: எதிர்மந்திரம் வைத்திருப்பவர் இருக்கும்போது மட்டும் ஆட்டம் நின்றால், எதிரணி அதைக் கண்டுகொள்ளும். மனிதர்கள் எதிரெதிராக ஆடும் ஆட்டத்தில், யாரிடமும் இல்லாதபோதும் அதே சிறு இடைவெளியை விடுவது அவசியம்.

ரகசியமும் மறுமுயற்சியும்

ஆன்லைன் ஆட்டக்காரர் பூட்டைத் திறக்கும் பொத்தானைத் திறக்கும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார். மூன்றாம் பதிப்பில் இதற்கு அழகான விதி ஒன்று இருந்தது: நெருக்கடியும் தோல்விக்குத் தண்டனையும் இல்லாதபோது, இருபது மடங்கு நேரம் செலவிட்டு 20 விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அதை அப்படியே சர்வரில் வையுங்கள். தோல்விக்கு விலை இருந்தால் மட்டும் உருட்டுங்கள். விலை இல்லாவிட்டால் திறமை போதுமா என்று பார்த்து, சிறிது நேரத்தை எடுத்துக்கொண்டு விடையைச் சொல்லிவிடுங்கள்.

மறைந்திருக்கும் பொறியைக் கவனிக்கிறாரா என்று பார்க்க, ஆட்டக்காரரின் கண்முன் பகடையை உருட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். ஐந்தாம் பதிப்பின் செயலற்ற கவனிப்பு, அதாவது பத்துடன் திறன் போனஸைக் கூட்டிய நிலையான எண், இந்த இடத்துக்கு ஏற்றது. அதோடு, கண்டுபிடிக்கப்படாத பொறியின் இடத்தைக் கிளையன்டுக்கு அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் மறைப்பது பயனற்றது. அனுப்பிய தகவலைப் படிக்கும் கருவிகள் எந்த ஆட்டத்துக்கும் வந்துவிடும். பார்க்கத் தகுதி வந்த பிறகே அனுப்புங்கள்.

ஓய்வு, சாவு, பொன்

எட்டு மணி நேர நீண்ட ஓய்வில் மந்திரங்கள் திரும்பக் கிடைக்கும் என்ற விதி, நேரத்தை விருப்பப்படி ஓடவிடும் கேம் மாஸ்டர் இருந்தால்தான் பொருள்படும். நிரந்தர உலகில் ஒரு குழுவுக்காக மட்டும் இரவைக் கொண்டுவர முடியாது; ஓய்வைத் தடையின்றிக் கொடுத்தால் ஒவ்வொரு சண்டைக்கும் முழு மந்திர பலத்தோடு வருவார்கள், வாளேந்துபவருக்கு வேலையே இருக்காது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன், மந்திரத் துளைகளுக்கு (ஓய்வுக்குள் இத்தனை முறைதான் மந்திரம் சொல்லலாம் என்ற வரம்புக்கு) பதில் செலவழிக்கும் புள்ளிகளை வைத்து, அவற்றை நிரப்பும் ஓய்வுப் பீடங்களை நிலவறைக்குள்ளேயே நிறுத்தியது. எத்தனை பீடங்கள், எங்கே என்பது காட்சி வடிவமைப்பாளரின் கையில் இருப்பதால், கேம் மாஸ்டரின் அதிகாரம் அவருக்கு வந்துசேர்கிறது. இந்தத் தீர்வை நான் பெரிதும் மதிக்கிறேன். விதியின் சொற்களைக் கைவிட்டாலும், வளம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தை அது காப்பாற்றியது.

சாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இணைப்புத் தாமதத்தால் சாகக்கூடிய ஆட்டத்தில் நிரந்தர மரணத்தை இயல்பான விதியாக வைக்கக் கூடாது. விரும்பிக் கேட்பவர்களுக்குத் தனி வழியாக வைக்கலாம்.

பொன்னை மேசையில் ஒருவர் அளந்து கொடுக்கிறார். ஆன்லைனில் ஒவ்வொரு அரக்கனும் சாகும்போது பொன் புதிதாகப் பிறக்கிறது. அது உலகைவிட்டு வெளியேற வழி இல்லாவிட்டால் விலைகள் ஏறிக்கொண்டே போகும். புத்தகத்தின் புதையல் அட்டவணையை எடுக்குமுன், ஓர் ஆட்டக்காரர் மணிக்கு எத்தனை எதிரிகளைக் கொல்வார் என்று கணக்கிட்டு அட்டவணையை அதற்கேற்ப வகுத்துவிடுங்கள். பழுதுபார்ப்பு, பயணக் கட்டணம், விற்பனை வரி போன்ற வெளியேறும் வாய்களையும் அதே நாளில் வடிவமையுங்கள். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன், விலங்குகள் ஒன்றையொன்று தின்று வாழும் சூழலமைப்பை உருவாக்கியிருந்தது; ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்ததால் அந்த அமைப்பு நிற்கவே இல்லை. மேசையில் நான்கு பேர் காட்டும் அடக்கத்தை ஆயிரக்கணக்கானோரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆட்டக்காரர்களுக்கு இடையிலான விதிகளிலும் இதையே நினைவில் வையுங்கள். கூட்டாளியின் பையில் திருடுவது, வசிய மந்திரத்தால் அவருடைய பாத்திரத்தைக் கைப்பற்றுவது ஆகியவை அறிமுகமானவர்களுக்கிடையே வேடிக்கையாக இருக்கலாம். முகம் தெரியாதவர்களிடையே துன்புறுத்தலுக்கான கருவிகள். வசியத்தை எதிரிகள்மேல் மட்டும் பலிக்கவிடுங்கள். கிடைக்கும் பொருளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பங்கிட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

உரிமம்

ஆட்டம் வேலை செய்யும் முறையை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் காப்பதில்லை. அதை விளக்கும் சொற்களையும் படங்களையும் கதைமாந்தரையும் காக்கிறது. விதிவாசகத்தையே எடுத்தாள விரும்பினால், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பண்புக்கூறு 4.0 உரிமத்தில் வெளியிடப்பட்டிருக்கிறது. உரிய ஒப்புகையைக் குறிப்பிட்டால் வணிக ஆட்டத்திலும் பயன்படுத்தலாம். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற புகழ்பெற்ற அரக்கர்களின் விதிவிவரங்கள் அதில் இல்லை, அவற்றைத் தொடாதீர்கள். ஆட்டத்தின் வணிகப் பெயரையும் சின்னத்தையும் இந்த உரிமம் உங்களுக்குத் தருவதில்லை.

சோதித்தல்

திரையையும் படங்களையும் தொடுவதற்கு முன்பே, விதிகளை மட்டும் இயக்கும் ஒரு நிரலை எழுதி, ஒரே சண்டையை 10,000 முறை ஓடவிடுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து சுற்றில் முடிய வேண்டிய சண்டை நூற்றில் ஒரு முறை முப்பது சுற்று நீள்கிறது என்றால், ஒவ்வொரு மாலையும் யாரோ ஒரு குழு அதில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு உருட்டலையும், அதற்கான விதையையும், கூட்டப்பட்ட போனஸ்களையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். ஆட்டக்காரர் விரும்பினால் தம் உருட்டல்களைத் திறந்து பார்க்க வழி கொடுங்கள். 14 விழுந்து, 6 கூடி, 20 ஆகி, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 21 என்பதால் தவறியது என்று ஒரே வரியில் காட்டினால், வரும் புகார்களில் பல எழுதப்படாமலே நின்றுவிடும்.

அதன்பின், அந்த விதித்தொகுப்பை மேசையில் ஆடிப் பழகியவர்கள் சிலரையும், அதன் பெயரையே கேள்விப்படாதவர்கள் சிலரையும் தனித்தனிக் குழுவாக ஆடவிடுங்கள். முதல் குழு எங்கே "கேம் மாஸ்டராக இருந்தால் இதை விட்டிருப்பார்" என்கிறதோ, அங்கே உங்கள் பட்டியலில் ஒரு தீர்மானம் விடுபட்டிருக்கிறது. இரண்டாம் குழு எங்கே அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில் புத்தகத்தின் விதியைச் சுருக்கியோ நீக்கியோ எழுதிவிட்டு, மறுபடியும் 10,000 முறை ஓடவிடுங்கள்.